நீதிபதி வீட்டுக் கதவு

அதிகாரி சுவரைத் தட்டிப் பார்த்தார், தரையைத் தடவிப் பார்த்தார், மாடிப்படியின் கைப்பிடியைப் பார்த்துச் சொக்கியே போனார்.

தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா பெரிய நீதிபதி. அவர் தீர்ப்பு எழுதிய மேஜை, அவர் கோட்டு மாட்டிய கொக்கி என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தான். இன்றோடு இந்த வீடு நகரத்தின் நினைவுச்சின்னம். வாசலில் அப்பா பெயரோடு பலகை வரப்போகிறது.

அக்கா பின்னால் வந்தாள்.

வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டலாம் என்று தம்பி ஒரு காலத்தில் தலைகீழாக நின்று பார்த்தான். முடியாது என்று ஒற்றைக்காலில் நின்றவள் அவள்தான். கல்யாணமாகிப் போனவளுக்கு இங்கே என்ன பேச்சு என்று சொந்தக்காரர்கள் வாய் வலிக்கப் பேசினார்கள். பேசட்டுமே! அவள் அசையவில்லை. விண்ணப்பம் போட்டு, ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கிச் செருப்பைத் தேய்த்தாள்.

அப்பாமேல் எவ்வளவு பாசம் பார் என்று அதே சொந்தக்காரர்கள் பிறகு மூக்கில் விரலை வைத்தார்கள். தம்பியும் அதை நம்பித்தான் கையெழுத்துப் போட்டான்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. அம்மாவின் அறைக்கதவைக் கரையான் அரித்துவிட்டது, அதை மட்டும் மாற்றிவிடலாம் என்று தம்பி நச்சரித்தான். கரையானாவது மண்ணாவது! கதவு இரும்பு மாதிரி இருந்தது. போன வாரம் தச்சரையே கூட்டி வந்துவிட்டான். அவள் கதவில் முதுகை ஒட்டி நின்றுகொண்டு தச்சரைத் திருப்பி அனுப்பினாள்.

அப்பாவின் மேஜையிலேயே வைத்து அதிகாரி உத்தரவில் முத்திரை குத்தினார். இனிமேல் இந்த வீட்டின் கதவு, ஜன்னல், தாழ்ப்பாள் எதையும் யாரும் மாற்றக்கூடாது, சொந்தக்காரரே ஆனாலும் சரி என்று விதியைச் சொன்னார்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க சார், என் தம்பிக்குக் காது மந்தம்" என்றாள் அக்கா.

பிறகு, ஒரு அறை பாக்கி இருக்கிறது என்று அவரைப் பின்பக்கம் அழைத்துப் போனாள். தம்பி முகத்தில் ஈயாடவில்லை.

அம்மாவின் அறைக்கதவுக்கு வெளிப்பக்கம் கனமான தாழ்ப்பாள். உள்பக்கம் தாழ்ப்பாளே இல்லை. அடியில், தரையை ஒட்டி, ஒரு சாப்பாட்டுத் தட்டு நுழையும் அகலத்துக்குப் பலகையை வெட்டி எடுத்திருந்தது.

அதிகாரி குனிந்து பார்த்தார். பூனை வந்துபோகவா என்று சிரித்தார். ஆமாம் ஆமாம் என்று தம்பி முந்திக்கொண்டான். வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் இத்தனை வருஷமாக அவன் சொல்லிவந்த பதில் அது.

"எங்க வீட்டுல பூனையே வளர்த்ததில்ல சார்" என்றாள் அக்கா. "உள்ள எங்கம்மா இருந்தாங்க. அதையும் வாசல் பலகையில எழுதுங்க."