போதும் என்று ஒரு வார்த்தை

கடைசித் துண்டையும் விடாமல் வாயில் போட்டுக்கொண்டார் விச்சியன் சாமி. பூசணிக்காயைக் குடைந்து, தேங்காய்ப்பாலும் முட்டையும் பனஞ்சர்க்கரையும் ஊற்றி அவித்த இனிப்பு. டப்பாவின் அடியில் தேங்கிய பாகைக்கூட அவர் மிச்சம் வைக்கவில்லை.

எதிரே விகாரைக் கூடத்துப் பாயில் உட்கார்ந்திருந்த நர்ஸ் ரச்சனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புத்தத் துறவியாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"டாக்டர் என்ன சொன்னாரு சாமி? ரெண்டு விரலை எடுத்தாச்சு, அடுத்தது பாதம்னு சொன்னாரா இல்லையா?"

"சொன்னாரும்மா."

"அதுக்கப்புறமும் இதைத் தின்னா என்ன அர்த்தம்?"

காலையில் வெறும் வயிற்றில் பார்த்தபோதே சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது. பெண் கையிலிருந்து துறவி எதையும் நேராக வாங்கக்கூடாது என்பதால், ரச்சனி துணியை விரித்து மாத்திரை அட்டையை அதன்மேல் வைத்தாள். அவர் எடுத்துக்கொண்டார்.

"கரும்பு லாரி ஓட்டிட்டிருந்தீங்களாமே? இப்ப வயித்துக்குள்ளயே சர்க்கரை ஆலை வச்சு நடத்துறீங்களாக்கும்!"

பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்த பெண்கள் எப்போதும் அவள் கேலிக்கு விழுந்து விழுந்து சிரிப்பவர்கள். இதற்கு ஒருத்தியும் சிரிக்கவில்லை. சாமியைக் கிண்டல் பண்ணியது பிடிக்கவில்லை போலும் என்று ரச்சனி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவள் இந்த ஊர்ச் சுகாதார நிலையத்துக்கு மாற்றலாகி வந்து ஒரு மழைக்காலம்தான் ஆகிறது. வந்த கையோடு பிட்சை போடும் பெண்களையெல்லாம் கூட்டி வைத்துக் கெஞ்சினாள். "புண்ணியம் தேடுறேன்னு சாமிமாரைக் கொன்னுடாதீங்கடி!" அவர்களும் கேட்டார்கள். தீட்டாத அரிசிச் சோறு, ஆவியில் வெந்த மீன், கீரை என்று பிட்சை மாறியது.

விச்சியன் சாமியும் சொன்னதையெல்லாம் செய்தார். உச்சிப்பொழுதுக்குப் பிறகு சோறில்லை என்பதால் குடிக்கிற இனிப்புத் தேநீரை நிறுத்தினார். விடிவதற்குள் புண்காலோடு வாசல் முழுக்கக் கூட்டினார். மற்ற துறவிகளுக்குத் தொப்பை வடிந்தது, இவருக்கு மட்டும் இல்லை. எல்லாம் அந்தப் பூசணி டப்பாவால் வந்த வினை.

டப்பாவைக் கொண்டுவருகிறவள் புவா. செத்துப்போன அவள் மகனுக்கு உயிரான இனிப்பு அது. துறவி சாப்பிட்டால் அது செத்தவனுக்குப் போய்ச் சேரும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. சாமி சாப்பிட்டு முடிக்கும்வரை தூணோரம் கைகூப்பி உட்கார்ந்திருப்பாள். அவர் ஒருநாளும் அவளை நிமிர்ந்து பார்த்ததில்லை. துறவிக்கு அதுதானே லட்சணம் என்று ரச்சனி மெச்சிக்கொள்வாள்.

இன்று பொறுக்க முடியவில்லை. குழாயடியில் டப்பா கழுவிக்கொண்டிருந்த புவாவிடம் போய் நின்றாள்.

"அத்தை, உங்க கால்ல வேணா விழறேன். நாளையிலேருந்து இதைக் கொண்டுவராதீங்க."

"எம் புள்ளைக்குப் பிடிச்சதும்மா."

"சரி, வேற சாமிக்குக் குடுங்க. அந்தக் கடைசியில இருக்காரே, ஒல்லியா ஒரு சாமி, அவருக்குக் குடுங்களேன். தாங்குவாரு."

"மத்தவங்க சாப்பிட்டா எம் புள்ளைக்கு சேராது."

"இதென்ன கூத்து! எந்த சாமி சாப்பிட்டா என்ன?"

புவா டப்பாவை உதறி முந்தானையில் துடைத்தாள். அவசரமே இல்லை அவளுக்கு.

"அத்தை, நான் பூசி மெழுகாம சொல்றேன். இப்படியே போனா முதல்ல கால் போகும், அப்புறம் ஆளே போயிடுவாரு. அந்தப் பாவம் உங்களைத்தான் சேரும்."

"நான் என்ன வாயில திணிக்கிறேனா? போதும்னு அவரு ஒரு வார்த்தை சொல்லட்டும். நாளைக்கு அடுப்புகூட மூட்ட மாட்டேன்."

அடேயப்பா, இவ்வளவுதானா! ரச்சனிக்குப் போன உயிர் வந்தது. இத்தனை மாதம் இதைக் கேட்கத் தோன்றவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள்.

"சாமி, வேலை முடிஞ்சுது! அத்தை ஒத்துக்கிட்டாங்க. நீங்க வாயைத் திறந்து போதும்னு சொன்னா போதுமாம். இதோ பின்னாலயே வந்து வாசல்ல நிக்கிறாங்க, சொல்லிடுங்க."

சாமி கட்டுப்போட்ட காலைக் காவித் துணிக்குள் இழுத்து மறைத்துக்கொண்டார். வாசலில் புவா டப்பாவை மார்போடு அணைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன சாமி யோசனை? உங்க உயிர் சாமி! அந்த ஒரு வார்த்தையைச் சொல்றதுல என்ன கஷ்டம்?"

அவர் முகம் கோணியது.

"அவங்க பையன் மேல லாரியை ஏத்தினவன் நான்தாம்மா."