கார்பன் வரவேண்டிய இடம்

விண்வெளித் தொலைநோக்கியின் குளிரூட்டி தீர்ந்து ஆண்டுகளாகிவிட்டன. ஆக்னஸ் ஆராயும் குள்ள விண்மீன் மண்டலத்தைத் தொலை அகச்சிவப்பு ஒளியில் இனி யாரும் பார்க்கப்போவதில்லை. பழைய தரவில் கார்பனின் ஒளி தெரியாவிட்டால் அவள் அந்த மண்டலத்தையே தன் ஆய்வேட்டிலிருந்து நீக்கியாக வேண்டும். "விட்டுடு. அங்க நட்சத்திரம்தான் கூட்டம் கூட்டமாப் பொறக்குது, கார்பனுக்குப் பஞ்சம்," என்றான் பக்கத்து மேசை பூபதி. "அதுக்காக இப்படியா? கோடு இஸ்திரி போட்ட மாதிரி தட்டையா இருக்குடா," என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. தரவிலுள்ள இரைச்சலைச் சமன்செய்ய எழுதிய நிரலை அவளே அளவுக்கு மீறி இறுக்கியிருந்தாள்; அது உண்மையான மேட்டையும் சேர்த்தே தேய்த்திருக்கும். தளர்த்தி ஓட்டினாள். வரைபடம் மேடும் பள்ளமுமாக வந்தது. கார்பன் வரவேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு மேடு. பூபதி குனிந்து திரையைச் சட்டைக் கையால் துடைத்தான். மேடு போகவில்லை. "இரைச்சல்கூட இப்படி வரும்டி." வெறும் இரைச்சல் என்றால் இரண்டு பாதியிலும் ஒரே இடத்தில் வராது. அவள் தரவை இரண்டாகப் பிரித்தாள். முதல் பாதியிலும் மேடு இருந்தது. பூபதி கேட்காமலே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். இரண்டாம் பாதியின் கோடு இடப்பக்கத்திலிருந்து தயங்கித் தயங்கி வந்தது. கார்பனின் இடத்துக்குச் சற்று முன்னால் அது மேலேறத் தொடங்கியது.