ஆறக் கூடாத புண்

"புண்ணு ஆறிட்டா, அக்கா?" என்று தினமும் காலையில் கோமு வீட்டு வேலிக்கு வெளியே நின்று வேலுக்கண்ணு கேட்டான். அவளுடைய நாய் செவலை அவனுடைய மூன்று ஆட்டுக்குட்டிகளைக் குதறிக் கொன்றிருந்தது. அன்று அவன் ஓங்கிய அரிவாள் கழுத்துக்குத் தப்பி அதன் தொடையில் இறங்கியது. புண்ணோடு இருக்கும் உயிரை மறுபடி வெட்டினால் அவன் குலசாமிக்கு ஆகாது. ஆறட்டும் என்று காத்திருந்தான்.

"எங்கடா ஆறுது? குப்பமேனியும் மஞ்சளும் அரைச்சுத்தான் போடுதேன்."

"புழுவும் வைக்கல, ஆறவும் இல்ல. நல்ல வைத்தியக்காரிதான் நீ!"

மருந்து போடாவிட்டால் புழு வைத்துச் செத்துவிடும். போட்டால் ஆறிவிடும், அவன் வெட்டிவிடுவான். அதனால் கோமு நான்கு நாள் மருந்து போடுவாள். ஐந்தாம் நாள் தோல் கூடியதும் பிளேடால் கீறிவிடுவாள்.

இன்று ஐந்தாம் நாள். "அடங்கு, என் ராசால்ல, அடங்கு," என்று முழங்காலால் நாயின் கழுத்தை அழுத்திக்கொண்டு குனிந்தாள். இதுவரை முனகலோடு பொறுத்துக்கொண்ட செவலை சட்டென்று திரும்பி அவள் மணிக்கட்டைக் கவ்வியது. பல் எலும்பில் நறநறத்தது. பிளேடு எங்கோ தெறித்து விழுந்தது. புண் மூடியபடியே இருந்தது.

வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு வேலுக்கண்ணு உள்ளே வந்தான்.

கோமு கடிபட்ட கையை உருவி நாயின் தொடைமேல் வைத்து அழுத்தித் தேய்த்தாள்.

"என்னக்கா, இம்புட்டு ரத்தம்? யாருது?"

"இதோடதுதான்டா. இன்னும் ஆறல, பாரு."