பதினேழுக்கு இரண்டு பதில்

நெட்வொர்க் பார்க்க வந்தவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மேனேஜர் ஆவுடையப்பன் மூன்றாவது முறையாகக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பார்க்கட்டும்.

பதினோரு மணிக்கு விசாரணை. விசாரணை என்பதெல்லாம் ஒரு பேச்சுக்கு. மன்னிப்புக் கடிதம் நேற்றே டைப் அடித்துத் தயாராக இருந்தது. லேப் டெக்னீஷியன் மரிய புஷ்பம் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் வேலை போகும். போடாவிட்டால் போலீஸ் என்று சொல்லியிருந்தார்கள். பதினாறு வருஷ வேலை. இப்படி ஒரு கடிதத்தோடு போனால் பாளையங்கோட்டையில் வேறு எந்த ஆஸ்பத்திரியும் அவளை வாசலுக்குள் விடாது.

செவ்வாய்க்கிழமை ஐ.சி.யூ.வில் ஒருவருக்குப் பொட்டாசியம் எகிறிவிட்டது. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் அங்கே வந்தபோது மணி பன்னிரண்டு. ஆள் பிழைத்தது மறுபிறவி.

பத்து நாற்பதுக்கே அனுப்பிவிட்டேன் என்றாள் புஷ்பம்.

பன்னிரண்டு என்றது ஆஸ்பத்திரி சர்வர் கம்ப்யூட்டர்.

கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்றார் பெரிய டாக்டர். ஆஸ்பத்திரி அவருடையது.

சொல்லாதுதான். எந்தக் கம்ப்யூட்டரைக் கேட்டார் இவர்?

திரை முன்னால் இருந்தவள் ஒயரைக் கேட்டாள். ஆஸ்பத்திரி ஆள் இல்லை, கான்ட்ராக்டில் வந்தவள். நேற்றுக் காலையே லேப் கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருளை ஓடவிட்டிருந்தாள். ஒயரில் போகிற வருகிற ஒவ்வொரு தகவல் பாக்கெட்டையும் அது பிடித்து, எத்தனை மணிக்கு, யார் யாருக்கு அனுப்பியது என்று வரி வரியாகக் காட்டும். முகம் பார்த்து எழுதத் தெரியாது அதற்கு.

நேற்றுப் பத்தரை வரை எல்லா ரிப்போர்ட்டும் ஒழுங்காகப் போனது. பத்தரைக்கு மேல் ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை. லேப் கம்ப்யூட்டர் விடாமல் அனுப்பிக்கொண்டே இருந்தது. பன்னிரண்டுக்கு மொத்தமாகப் போய் விழுந்தது.

இன்றைக்கும் பத்தரை ஆனது.

அனுப்புமுன் லேப் கம்ப்யூட்டர் சர்வரின் நெட்வொர்க் எண்ணைச் சொல்லி ஒரு கேள்வி கேட்கும். 192.168.1.17 யார்?

ரிப்போர்ட்டை வாங்குகிற சர்வர் பதில் சொல்லும். நான்தான்.

திரையில் இரண்டு வரி வந்தது.

நான்தான்.

நான்தான்.

ரிப்போர்ட் அந்த இரண்டாவது ஆளிடம் போய் முட்டிக்கொண்டிருந்தது. அது யார் என்று, எல்லா ஒயரும் வந்து சேர்கிற சுவிட்ச் பெட்டியில் தேடிப் பிடித்தாள். எட்டாவது துளை. அதில் செருகியிருந்த நீல ஒயர் நேராகப் பெரிய டாக்டர் அறைக்குப் போனது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு எரிச்சல் வந்தது.

பெரிய டாக்டருக்கு ராசி எண் ஒன்பது. கார் நம்பர் கூட்டினால் ஒன்பது. செல் நம்பரும் ஒன்பது. பெயரில் ஓர் எழுத்தைக் கூடச் சேர்த்து அதையும் ஒன்பதாக்கிக்கொண்ட மனுஷன். திங்கட்கிழமை நல்ல நேரம் பார்த்துப் புதுக் கம்ப்யூட்டர் வைத்தபோது, அதன் நெட்வொர்க் எண்ணும் ஒன்பது வந்தே ஆக வேண்டும் என்று நின்றிருக்கிறார். வைக்க வந்தவர் கூட்டிப் பார்த்திருக்கிறார். 192.168.1.17. முப்பத்தாறு. ஒன்பது. அது ஏற்கெனவே சர்வருடைய எண் என்று யாருக்கும் தோன்றவில்லை. பெரிய டாக்டர் தினமும் பத்தரைக்கு வந்து கம்ப்யூட்டரைப் போடுவார். பன்னிரண்டுக்கு ஆபரேஷனுக்குப் போகும்போது நிறுத்துவார்.

நாலாவது முறை ஆவுடையப்பன் உள்ளேயே வந்துவிட்டார். திரையைப் பார்த்தார். அவள் விரல் வைத்துக் காட்டியதையும் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"ஒண்ணும் கண்டுபிடிக்க முடியலன்னு எழுதிக் குடுத்துருங்கம்மா. அடுத்த மாசம் ஒங்க கான்ட்ராக்டு புதுப்பிக்க வருதுல்லா."

அவள் லேப்டாப்பை மூடாமல் அப்படியே தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

விசாரணை பெரிய டாக்டர் அறையில். மேசைக்கு எதிரே நாற்காலி காலியாக இருந்தது. புஷ்பம் நின்றுகொண்டிருந்தாள். உட்காரச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. கடிதத்தை அவள் பக்கம் தள்ளியிருந்தார்கள். திறந்த பேனா அவள் கையில் இருந்தது.

நெட்வொர்க் பார்க்க வந்தவள் லேப்டாப்பை மேசைமேல் வைத்தாள். யாரும் திரும்பவில்லை.

"ஒரு நிமிஷம் சார்."

"வெளிய இரும்மா" என்றார் பெரிய டாக்டர்.

அவள் வெளியே போகவில்லை. குனிந்து மேசைக்கு அடியில் கையை விட்டாள். நீல ஒயரைப் பிடுங்கினாள்.



சுவருக்கு அந்தப் பக்கம் ஐ.சி.யூ. செவ்வாய்க்குப் பிறகு அங்கே ரிப்போர்ட்டைக் கையில்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். சர்வருக்கு வரும் ரிப்போர்ட்டை அடிக்கிற பிரிண்டர் பத்தரையிலிருந்து சும்மா கிடந்தது.

அது ஓட ஆரம்பித்தது.

ஒரு தாள். இன்னொரு தாள். நிற்கவில்லை.

பெரிய டாக்டர் சுவரைப் பார்த்தார். லேப்டாப் திரையைப் பார்த்தார். கடைசியில் அவள் கையிலிருந்த ஒயரைப் பார்த்தார்.

"அத மாட்டு."

"இன்னும் நாலு ரிப்போர்ட் வரணும் சார்."

ஒயரை அவள் விடவில்லை.

புஷ்பம் பேனாவை மூடினாள். காலி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.