நாற்பது சிக்னலும் ஒரு காகமும்

அந்த ஊரில் நாற்பது சிக்னல்கள் இருந்தன. எதனிடம் பேச்சுக் கொடுத்தாலும், "இந்த ஊர் வண்டிகளையெல்லாம் பார்த்துக்கிறது நான்தான்" என்றது. ஒரு காகத்துக்கு இது பொறுக்கவில்லை. மார்க்கெட் முனை சிக்னலின் தலையில் வந்து உட்கார்ந்தது.

"ஸ்டேஷன் ரோட்டுக்காரனும் நான்தான்ங்கிறான், நீயும் நான்தான்ங்கிறே. உங்கள்ல யாருப்பா அது?"

"அங்கே உன்கிட்டப் பேசினதும் நான்தான். உன் வாயில பரோட்டாத் துண்டு இருந்துச்சே."

"நாற்பது கம்பத்துல சிதறிக் கிடக்கிற உனக்கு 'நான்' எங்கேருந்து வரும்? எனக்கு ஒரே உடம்பு. நீ வெறும் ஒயர்."

சிக்னல் பச்சைக்கு மாறியது.

"இருக்கலாம். நேத்து கரன்ட் அடிச்சு ஒரு காக்கா இங்கே விழுந்துச்சு. ஊர்க் காக்கா எல்லாம் கூடிக் கத்தினீங்க. அது உனக்கு என்ன உறவு?"

"அதை நான் முன்னப் பின்னப் பார்த்ததே இல்லை."

"அப்புறம் ஏன் கத்தினே?"

காகம் தலையைச் சாய்த்து யோசித்தது.

"காலையில பாலத்து முனையில என் கம்பம் ஒண்ணை லாரி இடிச்சுச் சாய்ச்சிடுச்சு" என்றது சிக்னல். "மீதி முப்பத்தொன்பது இடத்துலயும் எனக்கு அது தெரியுது. ஆனா எனக்குக் கத்தத் தெரியாது."

காகம் பாலத்துக்குப் பறந்தது. விழுந்துகிடந்த கம்பத்தின் மேல் உட்கார்ந்து கத்தத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் ஊர்க் காகங்கள் எல்லாம் வந்து சேர்ந்துகொண்டு கத்தின.

செத்தது யார் என்று ஒன்றுகூடக் கேட்கவில்லை.