படத்தில் விழாதவள்

அம்மா இறந்த பிறகுதான் அவளுக்கென்று ஒரு படம்கூட இல்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் உறைத்தது. தங்கபுஷ்பம் ஸ்டூடியோவுக்குப் போனாள். ஊரின் கடைவீதியை அந்தக் காலத்தில் எடுத்த படங்கள் அங்கே இருந்தன. ஸ்டூடியோக்காரன் அருள்மணி ஒவ்வொன்றாக மேசையில் பரப்பினான். வெயில் பால்போல் கிடந்த வீதியில் ஆளே இல்லை. சைக்கிள் கடை பெஞ்சில் அப்பா மட்டும், கால்மேல் கால் போட்டபடி, எல்லாப் படங்களிலும் உட்கார்ந்திருந்தார்.

“சந்தை நாளுன்னு எழுதியிருக்கு. சனமெல்லாம் எங்க போச்சு தம்பி?”

“பழைய கேமராக்கா. ரொம்ப நேரம் திறந்து வச்சாத்தான் படம் வரும். சும்மா இருந்தவங்கதான் அதுல விழுவாங்க. நடந்தவங்க விழமாட்டாங்க.”

“அப்போ எங்கப்பா விழாம வேற யாரு விழுவா!”

அம்மா அந்த வீதியின் கடைகளுக்கெல்லாம் தண்ணீர் சுமந்தவள். தங்கபுஷ்பம் ஒரு படத்தை முகத்தருகே கொண்டுபோனாள். குழாயடிக்கும் டீக்கடைக்கும் நடுவே வெளிறிய புகைபோல் ஏதோ ஒன்று சாய்ந்து இழுபட்டிருந்தது. இடுப்புப் பக்கம் மட்டும் அது கொஞ்சம் புடைத்திருந்தது.

“அது கறைக்கா. அழிச்சிட்டு பிரிண்ட் போட்டுத் தாரேன்.”

“அழிச்சிராதப்பா. அதை மட்டும் பெருசாக்கிக் குடு. வீட்டுல மாட்டணும்.”

அவன் விழித்தான். “யாருன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?”

“எங்கம்மை குடத்தோட வாரா, கொஞ்சம் வழிய விடுங்கன்னு சொல்லுவேன்.”