ஒரு நாள் முழுக்க ஒரு ஷவர்

“ஏனுங்க, ஒரு ஷவர் குழாயைத் திருப்பறதுக்கு எத்தனை நேரமுங்க? குடம் தூக்கித் தூக்கி எனக்கு இடுப்பே கழண்டு போச்சு!”

பாத்ரூம் வாசலில் நின்று கத்தினாள் அருக்காணி. கொட்டச்சேடு பக்கத்து எஸ்டேட் பங்களாவில் சமையல், துணி, பாத்திரம் எல்லாம் அவள்தான்.

உள்ளே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த பிளம்பர் நல்லமுத்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒண்டிக்கடை பஜாரிலிருந்து முதல் பஸ்ஸுக்கு வந்தவன்.

“வெள்ளைக்காரன் காலத்துப் பித்தளைங்க. களிம்பேறிக் கைப்பிடி இறுகிக் கெடக்குது. மண்ணெண்ணெய் ஊத்தியிருக்கறனுங்க, ஊறட்டும்.”

ஊறட்டுமாம்! இவனுக்கென்ன, வந்ததும் மலைமேல் தொட்டிக்குப் போய் பங்களா பைப்பை அடைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டான். அடுப்படியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பள்ளத்துக் கிணற்றிலிருந்து குடம் குடமாக மேலே ஏற்றுகிறவளுக்கல்லவா தெரியும்?

அதுவும் இன்றைக்கு. அவள் மகள் சாந்தி பிள்ளை பெற்று, எஸ்டேட் கூலியாட்கள் குடியிருக்கும் லைன் வீட்டில் கிடக்கிறாள். இன்றுதான் தலைக்கு ஊற்றித் தீட்டுக் கழிக்க வேண்டிய நாள். அருக்காணி லீவு கேட்டாள்.

“நாளைக்கு மெட்ராஸ்ல இருந்து விருந்தாளிங்க வர்றாங்க. இப்பப் போய் லீவா?” என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள் மேனேஜர் சம்சாரம் ஜெயகுமாரி.

சரி, லீவு கிடைத்தாலும் தண்ணீர் எங்கே? சித்திரை பிறந்ததிலிருந்து லைன் குழாயில் காற்றுதான் வந்தது. ‘லைனுக்கு வர்ற ஊத்து வத்திப்போச்சு. பங்களாவுக்கு வர்றது வேற ஊத்து’ என்று எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் சொல்லிவிட்டார். ரைட்டரே சொன்ன பிறகு யார் தொட்டி வரைக்கும் ஏறிப் பார்ப்பார்கள்? லைன் மொத்தமும் நம்பியது. அருக்காணியும்தான்.

“பொழுதோட ஊட்டுக்குப் போயி, மறுக்கா பள்ளத்துல எறங்கித் தண்ணி சுமந்தாத்தானுங்க எம்புள்ளைக்குத் தலைக்கு ஊத்த முடியும். அதுக்கு ஒடம்புல தெம்பு வேணாமுங்களா? இங்கயே என் உசுரை வாங்கறீங்க!” என்று மறுபடி பாத்ரூமைப் பார்த்துக் கத்தினாள்.

நல்லமுத்துவின் ஸ்பேனர் நின்றது. “லைன்லயா இருக்கறீங்க?”

“பின்ன, மாடி ஊட்டுலயா இருக்கறேன்?”

அவன் மறுபடி குனிந்துகொண்டான்.

மத்தியானம் சோற்றை வடித்துவிட்டு எட்டிப் பார்த்தாள். மனுஷன் சாவகாசமாகச் சுவரில் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். கைப்பிடியைத் தொட்டாள். வழுக்கிக்கொண்டு திரும்பியது. வந்ததே கோபம்!

“அட, நல்லாத் திரும்புதுங்களே! அப்பறம் எதுக்குங்க தண்ணியைத் தொறக்காமக் குந்தியிருக்கறீங்க?”

“மூட்டுல சணல் சுத்திப் பெயிண்ட் பூசியிருக்கறனுங்க. காயாமத் தொறந்தா ஒழுகிப்போயிருமுங்க.”

“எப்பத்தான் காயும்?”

“பொழுதெறங்கக் காஞ்சிருமுங்க.”

நேராகப் போய் எஜமானியிடம் வத்தி வைத்தாள் அருக்காணி. ஜெயகுமாரி வந்து, “ஒரு குழாய்க்கு ஒரு நாளா? ஊரை ஏமாத்தற வேலையெல்லாம் இங்க வேணாம்” என்று கிழி கிழியென்று கிழித்தாள்.

நல்லமுத்து தலையைச் சொறிந்தான். “சுவரு நனைஞ்சா அப்பறம் நொம்பச் சங்கட்டமுங்கம்மா” என்றானே தவிர, இடத்தை விட்டு நகரவில்லை. நல்லா வாங்கட்டும் என்று நினைத்துக்கொண்டே அடுத்த குடத்துக்குப் பள்ளத்தில் இறங்கினாள் அருக்காணி.

பொழுது சாயும்போதுதான் அவன் தொட்டிக்குப் போய்த் திறந்துவிட்டு வந்தான். ஷவர் சொரிந்து கொட்டியது. “வர்றனுங்க” என்று பையை எடுத்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கால்களை இழுத்துக்கொண்டு லைனுக்கு வந்தாள். இனிமேல்தான் இன்னொரு பள்ளம், இன்னொரு ஏற்றம். 

வாசலில் சாந்தி ஈரத்தலையைச் சாம்பிராணிப் புகையில் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் குளித்த பிள்ளை அசந்து தூங்கியது. வீட்டுக்கு வீடு அண்டாவும் குடமும் தளும்பி நின்றன.

“ஆரு கண்ணு தண்ணி கொண்டாந்தது?”

“ஆரும் கொண்டாரலம்மா. காலைல நம்ம குழாயில தானா வந்துச்சு. நாள் பூரா நிக்காமக் கொட்டுச்சு! பக்கத்து ஊட்டுச் சென்னம்மா அத்தைதான் எனக்குத் தலைக்கு ஊத்தி, புள்ளையையும் குளிப்பாட்டுச்சு. நீ வர்றதுக்குக் கொஞ்ச முன்னாலதான் பொசுக்குன்னு நின்னுபோச்சு.”

அருக்காணி அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

பங்களா பைப்பை அடைத்தால் லைனுக்கு வருகிறது. அதைத் திறந்தால் இது நின்றுவிடுகிறது. ரெண்டும் ஒரே தொட்டித் தண்ணீர்தான். வேற ஊத்தாம், வத்திப்போச்சாம்! தொட்டியைப் பார்த்தவனுக்கு அது காலையிலேயே தெரிந்திருக்கிறது. மத்தியானமே முடிந்த வேலையை வைத்துக்கொண்டு, இரண்டு பொம்பளைகளிடம் திட்டும் வாங்கிக்கொண்டு, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்திருக்கிறானே, மகராசன்!

விருந்தாளிகள் ஊருக்குப் போன மறுநாள் காலை. அருக்காணி பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டாள். குறட்டால் ஷவர் கைப்பிடியைப் பிடித்து, பலம் கொண்ட மட்டும் இறுக்கினாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

“அம்மா, ஷவர் மறுக்கா இறுகிக்கிச்சுங்க. அந்த நல்லமுத்து அண்ணனையே வரச் சொல்லுங்க. வேற ஆளுன்னா அவசரப்பட்டு அரை மணியில முடிச்சிட்டுப் போயிருவாங்க!”